தோசைக்கல்லும் கிரையோ நுண்ணோக்கியும்

நேயர்களுக்கு வணக்கம். கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்து மின்னணு நுண்ணோக்கி அறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவன் நான். பேராசிரியர் இல்லைங்க, கருவியைப் பார்த்துக்கொள்கிற ஆள். உயிர்மருத்துவ ஆராய்ச்சிக்கு, புரதம், வைரஸ் போன்ற நுண்ணிய மாதிரிகளை உறைய வைத்து எலக்ட்ரான் கதிரால் பார்க்கும் கிரையோ மின்னணு நுண்ணோக்கி வாங்கலாமா என்று பேச்சு எழுந்தாலே எல்லோரும் விலையைத்தான் கேட்கிறார்கள். உயர்ரகக் கருவி பல மில்லியன் அமெரிக்க டாலர், சரி. நான் கேட்பது வேறு. ஐஸ் யார் செய்வார்?

பசாரில் வாங்கிய கெம்போங் மீனை ஐஸ்பெட்டியில் வைத்து எடுத்தால் தண்ணீர் விட்டு, சதை தொளதொளவென்று ஆகிவிடுகிறதல்லவா? மெதுவாக உறையும் தண்ணீர் ஊசி ஊசியாகப் படிகமாகி மீனின் செல்களைக் கிழித்துவிடுகிறது. நுண்ணோக்கிக்குள்ளோ காற்றே கிடையாது, மாதிரியை ஈரத்தோடு வைத்தால் தண்ணீரெல்லாம் ஆவியாகிவிடும். ஆகவே உறைய வைத்தே ஆக வேண்டும், ஆனால் படிகம் கூடாது. 1980களின் தொடக்கத்தில் சுவிஸ் விஞ்ஞானி ழாக் டுபோஷே வழி கண்டுபிடித்தார். கண்ணிமைக்கும் நேரத்துக்குள் குளிர வைத்தால் தண்ணீருக்குப் படிகமாக நேரமில்லை, கண்ணாடி மாதிரி அப்படியே நின்றுவிடும். 2017இல் வேதியியல் நோபல் பரிசு அவருக்கும் யோவாகிம் ஃபிராங்க், ரிச்சர்ட் ஹெண்டர்சன் இருவருக்கும் சேர்த்துக் கிடைத்தது.

இனிமேல்தான் தோசைக்கல். திரவ நைட்ரஜன் −196 டிகிரி. "அதிலேயே முக்கினால் போதாதா அங்கிள்?" என்று ஒரு மாணவி கேட்டாள். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துப் பார்த்திருக்கிறாயா என்றேன். நன்றாகக் காய்ந்த கல்லில் துளி உடனே வற்றாது, முத்து முத்தாக ஓடும். அடியில் ஆவி மெத்தை மாதிரி தூக்கிப் பிடிக்கிறது. திரவ நைட்ரஜனுக்கு நாம் முக்கும் பொருள்தான் தோசைக்கல். அதைச் சுற்றி ஆவி படர்ந்து குளிரை அண்ட விடாது. அதனால்தான் ஈத்தேன் வாயுவை நைட்ரஜனால் குளிர்வித்துத் திரவமாக்கி, அதில் முக்குகிறோம், அது அவ்வளவு சுலபத்தில் கொதிக்காது. மறுநாள் அவள் வீட்டுக் கல்லில் ஓடிய துளியைப் போனில் படம் பிடித்துக்கொண்டு வந்தாள்!

முக்குவது, மாதிரியை ஏந்தும் மூன்று மில்லிமீட்டர் அகலமுள்ள சின்ன வலை. அதன்மேல் நிற்கும் தண்ணீர் தலைமுடித் தடிமனில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. அப்புறம் அது −135 டிகிரிக்கு மேல் ஏறவே கூடாது, ஏறினால் படிகம். கூடவே நம் ஊர்க் காற்று. குளிர்ந்த மைலோ டின் மேல் வியர்க்கிறதே, அந்த ஈரம் வலையின் மேல் பனியாக ஒட்டும். எங்களிடம் இருந்தது சாதாரணக் கருவிதான், மாதிரியைக் குளிராகவே வைத்திருக்கும் குளிர்ப்பிடி ஒன்றை மாட்டி ஓட்டினோம். ஒரு நாள் அறையின் ஈரத்தை உறிஞ்சும் மெஷின் நின்றுபோனதை நான் கவனிக்கவில்லை. மாதிரியை உள்ளே ஏற்றிப் பார்த்தால் அரிசி கொட்டினாற்போல் பனி. அந்த மாணவியின் மூன்று நாள் உழைப்பு போச்சு. தப்பு என்னுடையது, அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், ஐஸ் யார் செய்வார்?

அப்படியானால் கருவி வேண்டாமா? வேண்டும். 1998-99இல் நம் நாட்டில் பரவிய நிப்பா வைரஸ் நோய் நினைவிருக்கும், நூறு பேருக்கு மேல் இறந்தார்கள், முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே நினைத்தார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தின் சுவா கௌ பிங் அந்த வைரஸைப் பிரித்தெடுத்து, அடையாளம் காண அமெரிக்காவுக்கு எடுத்துப் போனார். 2020இல் கோவிட் வைரஸின் முள் புரதத்தை, மரபணு வரிசை வெளியான சில வாரங்களிலேயே கிரையோ கருவியில் பார்த்துவிட்டார்கள். அடுத்த நோய் வந்தால் அப்படி இங்கேயே பார்க்க முடிய வேண்டாமா?

நிகழ்ச்சித் தயாரிப்பாளர் ஒரு விரலைக் காட்டுகிறார், ஒரு நிமிடம்தானாம். அறையை ரயில் பாதைக்கும் லிஃப்டுக்கும் பக்கத்தில் கட்டாதீர்கள், அதிர்வும் காந்தப் புலமும் படத்தைக் கலைத்துவிடும். ஏர்கோன் ஒருநாளும் நிற்கக் கூடாது. ஐஸ் செய்யும் ஆளைக் கருவி வருவதற்கு ஒரு வருடம் முன்பே எடுங்கள், ஒப்பந்தத்தில் இல்லை, நிரந்தர வேலையில். அவருடைய சம்பளத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி வந்தேன், அது பையிலேயே இருக்கிறது. நன்றி, வணக்கம்.