பாத்திரம் துடைக்கிற துணி

(ஈரோடு மாவட்டத்தில் ஒரு ரோட்டரி சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில், கால்நடை மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கமுங்க. சாப்பாட்டுக்கு முன்னால் என்னைப் பேசவிட்டது தலைவர் செய்த தப்பு. பந்தி முடிந்தபிறகு விட்டிருந்தால் பாதிப்பேர் கிளம்பியிருப்பீர்கள், நானும் தப்பித்திருப்பேன்.

தை மாதம் நம்மூருக்கு வெளிநாட்டிலிருந்து தொழிற்பயிற்சிக் குழு ஒன்று வருகிறது. ஐந்து பேர். அவர்களை லாட்ஜில் வைப்பதாக இல்லை, வீடுகளில்தான் தங்கவைக்கப் போகிறோம். செயலாளர் ஒரு மாதமாக நோட்டுப் புத்தகமும் கையுமாக அலைகிறார். இதுவரை விழுந்திருப்பது இரண்டு பேர். அதில் ஒன்று அவர் பேர். மற்றவர்களைக் கேட்டால், "வீட்டுக்கு இன்னும் பெயிண்ட் அடிக்கலீங்க", "வெஸ்டர்ன் டாய்லெட் மாடியிலதான் இருக்கு", "எங்க வீட்டம்மாவுக்கு இங்கிலீஷ் வராதுங்க டாக்டர்". இதற்கெல்லாம் பதில் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் பெரிய பேச்சாளன் என்பதற்காக இல்லை. முன்பின் தெரியாதவர்கள் வீட்டில் ஐந்து வாரம் உட்கார்ந்து சாப்பிட்டவன் இந்த மண்டபத்தில் நான் ஒருத்தன்தான்.

2004ஆம் வருஷம். மே கடைசியில் போய் ஜூலை முதல் வாரம் திரும்பினோம். டென்மார்க்கில் ஜட்லாந்துப் பக்கம். அந்தத் திட்டத்துக்கு ஜி.எஸ்.இ., அதாவது குரூப் ஸ்டடி எக்ஸ்சேஞ்ச், என்று பேர். ரோட்டரி அறக்கட்டளை 1965இல் ஆரம்பித்து 2013 வாக்கில் நிறுத்தியது. இப்போது வருகிற தொழிற்பயிற்சிக் குழு அதற்குத் தம்பி மாதிரி. ஜி.எஸ்.இ.யில் அப்போது ஒரு ரோட்டேரியன், அதாவது ரோட்டரி உறுப்பினர், தலைவராக வருவார், கூட நாலு பேர், வயது 25 முதல் 40க்குள். அந்த நாலு பேரும் ரோட்டேரியனாக இருக்கக்கூடாது, ரோட்டேரியனின் பிள்ளையாகவோ மருமகனாகவோகூட இருக்கக்கூடாது. அந்த ஒரு விதி இல்லையென்றால் எனக்கு எங்கே இடம் கிடைத்திருக்கும்? விமான டிக்கெட் அறக்கட்டளை செலவு. சோறும் படுக்கையும் அந்த ஊர்க்காரர்கள் பொறுப்பு.

தலைவராக ஒரு ஆடிட்டர். ஸ்பின்னிங் மில் இன்ஜினியர் ஒருவர், பேங்க் ஆபீசர் ஒருவர், பள்ளிக்கூட டீச்சரம்மா ஒருவர், மாட்டு டாக்டர் நான். நாலைந்து நாளுக்கு ஒரு வீடு. எனக்கு மொத்தம் எட்டு வீடு.

முதல் வீடு ஒரு பல் டாக்டர் தம்பதி. நான் போய் இறங்கியபோது தோட்டத்துக் கம்பத்தில் அவர்கள் கொடி பறக்கிறது. சாப்பாட்டு மேசையில் காகிதத்தில் செய்த நம் தேசியக் கொடி, கட்டை விரல் உயரம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த உருக்கம் ஒரு மணி நேரம்தான் தாங்கியது. வீட்டைச் சுற்றிக் காட்டினார் அந்த மனிதர். "இது உன் அறை, இது குளியலறை, இது பிரிட்ஜ். பசித்தால் எடுத்துச் சாப்பிடு. காலையில் ஏழு மணிக்கு நாங்கள் வேலைக்குப் போய்விடுவோம். ரொட்டி இங்கே, வெண்ணெய் அங்கே." அவ்வளவுதான்! நம் வீட்டுக்கு வந்தவரிடம் "அடுப்படி அங்கே இருக்கு, போட்டுச் சாப்பிடு" என்று சொல்லியிருந்தால் எத்தனை தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை நின்றிருக்கும்?

சாயங்காலம் ஆறு மணிக்கே ராத்திரிச் சாப்பாடு. வெயில் நம்மூர் மூன்று மணி மாதிரி அடிக்கிறது. ஜூன் மாதம் அங்கே பத்து மணி வாக்கில்தான் பொழுது இறங்கும். சாப்பிட்டு முடித்ததும் அந்த அம்மா பாத்திரம் கழுவ ஆரம்பித்தார். அவர் வீட்டுக்காரர் ஒரு துணியை எடுத்து என் கையில் கொடுத்தார். துண்டு என்று நினைத்து முகத்தைத் துடைக்கப் போனேன். அது பாத்திரம் துடைக்கிற துணி.

அப்போது எனக்கு 34 வயது. எங்கள் வீட்டில் ஒரு டம்ளரைக்கூட நான் கழுவி வைத்தது கிடையாது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். கோழி கிண்டுகிற மாதிரி நின்றுகொண்டு துடைத்தேன். ராத்திரி போன் கார்டு போட்டு வீட்டுக்குப் பேசினேன். "ஏனுங்க, நல்லா கவனிக்கறாங்களா?" என்றாள் என் மனைவி. "சாமான் துடைக்கச் சொல்றாங்க" என்றேன். அவள் சிரித்து முடிப்பதற்குள் கார்டில் பாதிக் காசு தீர்ந்துவிட்டது.

சாப்பாட்டில் நடந்த குளறுபடிகளைச் சொன்னால் விடிந்துவிடும். டீச்சரம்மா சைவம் என்று முன்கூட்டியே எழுதி அனுப்பியிருந்தோம். அந்த வீட்டில் ஆசை ஆசையாக மீன் வறுத்து வைத்திருந்தார்கள், மீன் இறைச்சியில் சேராதே என்று. எனக்கு ஒரு வீட்டில் "உங்கள் நாட்டுக் கறி" என்று மஞ்சளாக ஒரு குழம்பு வைத்தார்கள். பன்றிக்கறி உருண்டை போட்டது, அங்கே குழந்தைகளுக்கு ரொம்பப் பிடித்த பண்டமாம். காரம் என்பது மருந்துக்கும் இல்லை. இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன். வேறென்ன செய்ய?

மூன்றாவது வீடுதான் நான் சொல்ல வந்த வீடு. மேற்கு ஜட்லாந்தில் ஒரு பண்ணை. நூற்றுப் பத்து கறவை. அறுபதை நெருங்கும் விவசாயி, அவர் மனைவி, பக்கத்துச் சின்ன வீட்டில் 84 வயது அம்மா. இவர்களோடு விவசாயப் பள்ளியிலிருந்து வேலை பழக வந்த 17 வயதுப் பையன் ஒருவன். அங்கே விவசாயத்துக்கும் இப்படி ஒரு பண்ணையில் தங்கி வேலை கற்றால்தான் படிப்பு முடியும்.

காலை ஐந்து மணிக்குக் கறவை. மாடுகள் தாமாக வந்து மீன்முள் மாதிரி சாய்வாக இரண்டு வரிசை நிற்கும். நடுவில் பள்ளம், அதில் நாம் நிற்போம். மடி நம் நெஞ்சு உயரத்துக்கு வரும், குனிய வேண்டியதே இல்லை. இருபது வருஷம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முதுகு போன பால்காரர்களை எனக்குத் தெரியும். அந்தப் பள்ளத்தைப் பார்த்ததும் அவர்கள் ஞாபகம்தான் வந்தது. மாட்டின் காதில் மஞ்சள் கம்மல், அதில் நம்பர், நம்பரைச் சொன்னால் அந்த மாட்டின் பாட்டி வரைக்கும் ஜாதகம் வரும்.

ஒரு விஷயம் எனக்கு மண்டையில் ஏறவே இல்லை. ஐரோப்பாவில் 1984இலிருந்து 2015 வரை பாலுக்குக் கோட்டா இருந்தது. நாட்டுக்குக் கொடுத்த அளவுக்கு மேல் பால் போனால், அளவு மீறி ஊற்றிய விவசாயிக்கு அபராதம் விழும். பால் கூடிப்போனதற்கு அபராதமா என்று நான் வாயைப் பிளந்தேன். பதிலுக்கு நம் பால் சொசைட்டியைப் பற்றிச் சொன்னேன். ஒரு மாடு வைத்திருக்கிற அம்மா தூக்குப்போசியில் இரண்டு லிட்டர் கொண்டுவருவார், அதற்கும் அடர்த்திக்கு டிகிரி பார்த்து, கொழுப்புப் பார்த்து, அட்டையில் எழுதுவோம் என்றேன். இப்போது வாயைப் பிளந்தது அவர். "இரண்டு லிட்டரா?" என்று விரலைக் காட்டிக் கேட்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஞாயிற்றுக்கிழமை உன்னை ஓரிடத்துக்குக் கூட்டிப்போகிறேன்" என்றார்.

கூட்டிப்போன இடம் ஹெடிங் என்ற குக்கிராமம். டென்மார்க்கின் முதல் கூட்டுறவுப் பால்பண்ணை 1882இல் அங்கேதான் ஆரம்பித்தது. சின்ன வீடு, நம் பக்கத்துப் பழைய சொசைட்டிக் கட்டடம் மாதிரிதான். அதற்குப் பின்னால் இருக்கிற கதை பெரியது. அதற்கு முந்தைய பத்து வருஷத்தில் அமெரிக்காவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் கப்பல் கப்பலாகத் தானியம் வந்து இறங்க, கோதுமை விலை விழுந்துவிட்டது. தானியம் விதைத்துக்கொண்டிருந்த நாடு வெண்ணெய்க்கும் பன்றிக்கும் மாறியது. ஆனால் நல்ல வெண்ணெய் பெரிய பண்ணைக்காரர்களிடம்தான் வரும். மூன்று மாடு வைத்திருப்பவன் பாலைத் தட்டில் ஊற்றி ஆடை மிதக்கக் காத்திருப்பான், அதற்குள் புளித்துவிடும். 1878 வாக்கில் பாலைச் சுழற்றி ஆடை பிரிக்கிற இயந்திரம் வந்தது. ஊர்ப் பாலை எல்லாம் ஒன்றாக ஊற்றிப் பிரித்துக்கொள்ளலாம், ஆடை நீக்கிய பாலை அவரவர் பன்றிக்குத் திருப்பி எடுத்துப்போகலாம். காசு ஊற்றிய பாலுக்குத் தக்கபடி. ஓட்டு?

அங்கேதான் விஷயம். டேனிஷ் மொழியில் தலைக்கு ஒரு சொல், மாட்டுக்கு ஒரு சொல். இரண்டும் ஓரெழுத்து வித்தியாசத்தில் ஒன்றுபோல ஒலிக்கும். "ஓட்டு தலைக்கு, மாட்டுக்கு அல்ல" என்று அதை வைத்து ஒரு சொலவடை. நூறு மாடு வைத்திருந்தாலும் ஓர் ஓட்டு, ஒற்றை மாடு வைத்திருந்தாலும் ஓர் ஓட்டு. அவர் இதைச் சொல்லிவிட்டு, "உன் இரண்டு லிட்டர் அம்மாவுக்கும் ஓர் ஓட்டு உண்டா?" என்று கேட்டார். உண்டு என்றேன். சட்டப்படி நமக்கும் அப்படித்தான். ஆனால் மகாசபையில் யார் நாற்காலியில் உட்காருகிறார்கள், யார் ஜமுக்காளத்தில் உட்காருகிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்காதவரைக்கும் பிழைத்தேன்.

அன்று ராத்திரி சாப்பாட்டின்போது பார்க்கிறேன், வேலை பழக வந்த அந்தப் பையன் முதலாளிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அதே உருளைக்கிழங்கைச் சாப்பிட்டான். முதலாளி எழுந்து பாத்திரம் கழுவினார், பையன் துடைத்தான், இன்னொரு துணியை எடுத்து எனக்கு எறிந்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பல் டாக்டர் வீட்டில் என்னை மட்டம் தட்டவில்லை. என்னையும் ஒரு தலை என்று எண்ணியிருக்கிறார்கள்.

நாம் விருந்தாளியை எண்ணுவதே இல்லை, பாருங்கள். கூடத்தில் பெரிய நாற்காலியைப் போட்டு உட்காரவைத்து, பேன் சுவிட்சைப் போட்டு, வீட்டுக்கு வெளியே நிறுத்திவிடுகிறோம்.

சரி, "எங்க வீட்டம்மாவுக்கு இங்கிலீஷ் வராது" என்றீர்கள் அல்லவா? அந்த 84 வயதுப் பாட்டிக்கும் வராது. நான் அங்கே இருந்தபோது ஒரு மாடு கன்று போட்டது. மறுநாள் பாட்டி சீம்பாலை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். மாவில் கலந்து தோசை மாதிரி ஊற்றினார். அவர்கள் பக்கத்துப் பழைய பண்டம், இளசுகள் இப்போது செய்வதில்லையாம். நானும் ஒரு கிண்ணம் கேட்டு வாங்கினேன். வெல்லம் இல்லை, பழுப்புச் சர்க்கரை இருந்தது. ஏலக்காய் அங்கே ரொட்டிக்குப் போடுவார்கள், அதுவும் இருந்தது. தட்டிப் போட்டு, ஒரு சட்டியில் தண்ணீர் விட்டு, ஆவியில் வைத்தேன். என் வாழ்நாளில் நான் சமைத்த முதல் பண்டம். கத்தியால் வகுந்து கொடுத்ததும் பாட்டி வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு என் கன்னத்தைத் தட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை, எட்டு வீட்டிலும் அவரோடுதான் நான் அதிகம் பேசியதாக எனக்கு ஞாபகம்.

மற்ற வீடுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஜூன் 22 ராத்திரி ஒரு வாத்தியார் வீட்டில் இருந்தேன். ஐரோப்பியக் கோப்பையில் டென்மார்க்கும் சுவீடனும் 2–2. இருவரும் அடுத்த சுற்றுக்குப் போக, இத்தாலி வெளியே போனது. கால்பந்தைப் பற்றி எதுவும் தெரியாமல் நானும் கத்தினேன். மறுநாள் சாயங்காலம் ஏரிக்கரையில் சொக்கப்பனை, உச்சியில் பழந்துணியில் செய்த சூனியக்காரி. கார்த்திகைக்கு நம் கோயில் முன்னால் நிற்கிற மாதிரியே இருந்தது.

ஒரு சங்கத்தில் நாங்கள் படம் போட்டுப் பேசி முடித்ததும் ஒரு பெரியவர் எழுந்து, "டிராங்கெபார் கோட்டை இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். தரங்கம்பாடி! 1620இலிருந்து 1845 வரை அவர்கள் கையில் இருந்த ஊர். ஐந்து பேரில் ஒருத்தர்கூட அதுவரை அந்தப் பக்கம் போனதில்லை. "நன்றாக இருக்கிறது" என்று ஆடிட்டர் கூசாமல் சொல்லிவிட்டார். திரும்பி வந்த மாதமே குடும்பத்தோடு பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். ஆடிட்டர் பொய் சொல்லவில்லை.

போய் வந்ததால் தொழிலுக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். பதினாலு பக்கம் ரிப்போர்ட் எழுதினேன், டைப் அடித்தவரைத் தவிர யாரும் படித்ததாகத் தெரியவில்லை. அந்த இயந்திரங்களை வாங்க நம்மிடம் காசும் இல்லை, இரண்டு லிட்டருக்கு அவை தேவையும் இல்லை. ஒரே ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. சொசைட்டி மகாசபைக்குப் போனால் நான் ஜமுக்காளத்தில் உட்கார ஆரம்பித்தேன். முதல் தடவை ஓர் ஊரில் செயலாளர் பதறிப்போய் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு என் பின்னாலேயே வந்தார். மூன்றாம் வருஷம் பக்கத்திலிருந்த அம்மா ஒருவர் என்னிடமே, "ஏஞ்சாமி, போன மாசம் எம்பாலுக்கு மட்டும் ஏன் கொழுப்புக் கொறஞ்சுது?" என்று கேட்டார். மேடையில் இருந்திருந்தால் கேட்டிருக்க மாட்டார்.

அதனால் வீடு கொடுக்கிறவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். பெயிண்ட் அடிக்காதீர்கள். உங்கள் படுக்கையறையைக் காலிசெய்து கொடுத்துவிட்டு நீங்கள் கூடத்தில் புரண்டு படுக்காதீர்கள், அவர்களுக்குத் தூக்கம் வராது. பாத்ரூமில் ஒரு காகிதச் சுருள் வாங்கி வையுங்கள். கரண்டியோடு தலைமேல் நிற்காதீர்கள், "போதும்" என்றால் அவர்களுக்குப் போதும் என்றுதான் அர்த்தம். ஒரு நாளில் ஏழு சொந்தக்காரர் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போகாதீர்கள். முக்கியமாக, ஏதாவது ஒரு வேலை கொடுங்கள்.

2007 பொங்கலுக்கு அந்தப் பண்ணைக்காரரும் மனைவியும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். எங்கள் அம்மா அப்போது இருந்தார். இரண்டு நாள் அவரைப் பெரிய நாற்காலியில் உட்காரவைத்துப் பலகாரத்தால் அடித்தார். மூன்றாம் நாள் காலையில் நான் வெளியே போய்விட்டு வருகிறேன், நாற்காலி காலி. பின்கட்டில் அம்மாவுக்கு எதிரே அந்த ஆறடி மனிதர் மணையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிக்கிறார், கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். அம்மாவுக்கு ஒரே பதற்றம். "வேண்டாம்னாலும் கேக்க மாட்டேங்கறார் கண்ணு, கத்தியப் புடுங்கிக்கிட்டார்" என்றார். "உரிக்கட்டும் விடும்மா" என்றேன்.

அவர்கள் ஊருக்குப் போன மறுநாள், அம்மா முறத்தில் வெங்காயத்தைக் கொட்டி வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். என்னம்மா என்றதற்கு, "அந்தப் பையன் நல்லா உரிச்சான்" என்றார். பையனுக்கு அப்போது வயது அறுபது.

செயலாளர் நோட்டை முன்வரிசையிலிருந்து விடுகிறார். பேனா இல்லை என்று யாரும் சொல்லவேண்டாம், என்னிடம் இரண்டு இருக்கிறது.