பழைய புரோகிராமும் புதுக் கணினியும்

வானொலி நேயர்களுக்கு என் வணக்கம்.

2015 டிசம்பர் முதல் வாரம். அடையாற்று வெள்ளம் வடிந்திருந்த நேரம். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு சிறிய தொழிற்சாலைக்குள் கணுக்கால் புதையும் சேற்றில் நடந்து போனேன். தானியங்கிக் கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பொருத்திப் பராமரித்துத் தருவது என் தொழில். அந்தத் தொழிற்சாலையில் நான்கு தொட்டிகளில் ரசாயனக் கரைசலைக் கலந்து, சூடாக்கி, அளந்து நிரப்புவார்கள். பிஎல்சி இருந்த பேனலைச் சுவரில் உயரமாக மாட்டியிருந்ததால் தண்ணீர் அதைத் தொடவில்லை. ஈரம் காய்ந்ததை உறுதி செய்துகொண்டு மின்சாரம் கொடுத்தோம். அதன் பச்சை விளக்கு எரிந்தது. மேசைக்குக் கீழே இருந்த கணினியைத் திறந்தபோதோ உள்ளே இருந்து சேறு வழிந்தது.

பிஎல்சி என்றால் என்ன என்று கேட்கும் நேயர்களுக்கு ஒரு விளக்கம். அது தொழிற்சாலைக்கென்றே செய்யப்பட்ட ஒரு சிறிய கணினி. தொட்டியின் மட்டம் என்ன, வெப்பம் எவ்வளவு என்று உணர்விகளிடமிருந்து வாங்கி, எந்த வால்வைத் திறப்பது, எந்த மோட்டாரை நிறுத்துவது என்று முடிவெடுக்கும். ஒரு நொடிக்குள் பல முறை இதைத் திரும்பத் திரும்பச் செய்யும். நம் மேசைமீது உள்ள விண்டோஸ் கணினியின் வேலை வேறு. பிஎல்சிக்குள் நடப்பதைப் படமாகத் திரையில் காட்டுவதும், ஆபரேட்டர் சொல்லும் அளவை பிஎல்சிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும், நடந்ததைப் பதிந்து வைப்பதும் அதன் பொறுப்பு. இதைச் செய்யும் மென்பொருளை ஸ்கேடா என்கிறோம். கணினி போய்விட்டால் தொழிற்சாலைக்குக் கை கால் இருக்கும், கண் இருக்காது.

முதலாளி அதற்குள் ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு புதுக் கணினி வாங்கி வந்துவிட்டார். அந்த ஆண்டு ஜூலையில்தான் வெளியான விண்டோஸ் 10, 64 பிட் பதிப்பு. “சார், நாளைக் காலை ஷிப்டை ஓட்டிவிடலாம் அல்லவா?” என்று கேட்டார். பதினோரு நாள் ஆயிற்று.

மூழ்கிய கணினியில் இருந்தது விண்டோஸ் எக்ஸ்பி. ஸ்கேடா மென்பொருள் 2003இல் வாங்கியது. அதன் குறுந்தகடு மாடி அலமாரியில் பத்திரமாக இருந்தது. புதுக் கணினியில் போட்டோம். அதை நிறுவும் நிரல் 16 பிட் காலத்தது. பிட் எண்ணிக்கை என்பது கணினி ஒரே தடவையில் கையாளும் தகவலின் அளவு. 64 பிட் விண்டோஸ் அந்தக் காலத்து நிரல்களை ஏற்காது. மென்பொருளைத் திறக்க உதவும் சிறு செருகியான லைசென்ஸ் சாவி பழைய கணினியின் பின்புறம் பிரிண்டர் போர்ட்டில் செருகியிருந்தது. கழுவிக் காயவைத்தோம். ஆனால் புதுக் கணினியில் அந்தப் போர்ட்டே இல்லை. பிஎல்சியோடு பேசும் ஒன்பது முனை சீரியல் போர்ட்டும் இல்லை. கடைசியில் மாடியில் கணக்குப் பிரிவில் ஒதுக்கி வைத்திருந்த ஒரு பழைய கணினிதான் கைகொடுத்தது.

இதில் மூன்று நாள் போனது. மற்ற எட்டு நாளும் எங்கே போயின என்பதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

ஸ்கேடா திரைகள் அனைத்தும் மூழ்கிய கணினியின் வட்டில்தான் இருந்தன. வேறு பிரதி இல்லை. பிஎல்சி புரோகிராமின் மூலக் கோப்பும் அதே வட்டில். பிஎல்சிக்குள் ஓடிக்கொண்டிருந்த புரோகிராமை லேப்டாப்பில் இறக்க முடிந்தது. ஆனால் அந்த வகை பிஎல்சி, எழுதியவர் போட்ட பெயர்களையும் குறிப்புகளையும் தன்னுள் வைத்துக்கொள்வதில்லை. ‘இரண்டாம் தொட்டி மேல்மட்டம்’ என்று இருந்த இடத்தில் வெறும் எண் முகவரி மட்டும் வந்தது. அப்படி நூற்றுக்கும் மேற்பட்ட முகவரிகள். புரோகிராமை எழுதியவரோ எப்போதோ வேறு ஊருக்குப் போய்விட்டார்.

அந்த எட்டு நாளும் போர்மேன் பேனலுக்குப் பக்கத்தில் நிற்பார், நான் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பேன். ஒவ்வொரு வயராகப் பிடித்துக்கொண்டு போவோம். “சார், இது மூன்றாம் தொட்டியின் மிதவை. இது நின்றால் பம்பு நிற்கும், அதற்கு முன்னால் ஹீட்டர் நிற்க வேண்டும்” என்பார். பதினைந்து வருடம் அந்தத் தொட்டிகளோடு வாழ்ந்தவர். அவர் சொன்னதைப் பெரிய கோடு போட்ட குறிப்பேட்டில் அவரே எழுதினார். அந்தக் குறிப்பேடு இல்லையென்றால் அந்தத் தொழிற்சாலை மீண்டும் ஓடியிருக்காது என்று இன்றும் உறுதியாக நம்புகிறேன்.

பழைய புரோகிராம் புது இயங்குதளத்தில் ஏன் தடுமாறுகிறது? அந்தக் காலத்து மென்பொருள் சொந்த வீட்டுக்காரரைப் போல எழுதப்பட்டது. விரும்பிய சுவரில் ஆணி அடிக்கும், விரும்பிய அறையில் சாமான் வைக்கும். புதிய இயங்குதளமோ அதை வாடகைக்காரராகத்தான் வைத்திருக்கிறது, கேட்காமல் ஆணி அடிக்க விடாது. 2007இல் விண்டோஸ் விஸ்டா வந்தபோதே இந்த மாற்றம் தொடங்கிவிட்டது. பாதுகாப்புக்கு இது நல்லதுதான். ஆனால் பழைய புரோகிராமுக்கு அந்தச் சட்டம் தெரியாது.

அம்பத்தூரில் வேறொரு தொழிற்சாலையில் பார்த்ததைச் சொல்கிறேன். பழைய மென்பொருளை விண்டோஸ் 7இல் அப்படியே போட்டிருந்தார்கள். ஓடியது, பிழைச் செய்தி எதுவும் இல்லை. பகல் ஷிப்டுக்காரர் வெப்ப அளவை மாற்றிச் சேமித்துவிட்டுப் போவார். இரவு ஷிப்டுக்காரர் தன் பெயரில் உள்நுழைந்தால் பழைய அளவே திரையில் நிற்கும். இருவரும் ஒருவரையொருவர் குறை சொன்னார்கள். காரணம் இதுதான்: அந்த மென்பொருள் தன் கோப்பை விண்டோஸ் பாதுகாக்கும் ஒரு கோப்புறையில் எழுதப் பார்த்தது. விண்டோஸ் மறுக்கவில்லை. ஓசைப்படாமல் அந்தந்தப் பயனருக்கென ஒரு தனிப் பிரதியில் எழுதி வைத்தது. இருவரிடமும் இரு வேறு கோப்புகள். மென்பொருளை வேறு கோப்புறைக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. திறக்கவே மறுக்கும் புரோகிராமைவிட, இப்படித் திறந்து சிரித்துக்கொண்டு தவறும் புரோகிராம்தான் எனக்கு அச்சம் தருகிறது.

‘பழையதையே ஓட்டிக்கொண்டிருப்போமே’ என்று பலர் கேட்கிறார்கள். எக்ஸ்பிக்கான ஆதரவு, அதாவது மைக்ரோசாஃப்ட் தரும் வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள், 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு முடிந்தது. 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாகிரை என்ற தீய நிரல் உலகம் முழுவதும் பரவியது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் தைவானின் டிஎஸ்எம்சி நிறுவனத்தில், புதிதாக வந்த ஓர் இயந்திரத்துக்கு மென்பொருள் நிறுவும்போது அதன் ஒரு வகை உள்ளே நுழைந்து சிப் உற்பத்தியையே நிறுத்தியது. பழைய கணினியை வைத்திருக்கத்தான் வேண்டும் என்றால் அதை இணையத்திலிருந்தும் அலுவலக வலையிலிருந்தும் பிரித்து வையுங்கள். எவருடைய பென் டிரைவையும் அதில் செருக விடாதீர்கள்.

அதே கேள்வி இப்போது மறுபடி வாசலில் நிற்கிறது. விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்துவிட்டது. தொழிற்சாலைகளுக்கான நீண்டகாலப் பதிப்புகள் சிலவற்றுக்கு மட்டும் இன்னும் சில ஆண்டு அவகாசம் உண்டு. விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே கிடையாது, அதனால் 16 பிட் காலத்து நிரல்களை அது ஏற்காது. தொழிற்சாலை மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேச வகுத்த பொது முறை ஓபிசி. இரண்டு கணினிகளுக்கு இடையே அதன் பழைய வடிவில் தகவல் கடத்துபவர்களுக்கு இன்னொரு சிக்கல். அதற்கு அடித்தளமாக விண்டோஸில் உள்ள டிகாம் வசதியின் பாதுகாப்பை மைக்ரோசாஃப்ட் 2021 முதல் படிப்படியாக இறுக்கி, 2023 மார்ச்சில் கட்டாயமாக்கிவிட்டது. புதிய ஓபிசி யுஏ முறைக்கு மாறுவதே இதற்கு நிலையான வழி.

மாற முடியாத மென்பொருளுக்கு மெய்நிகர் கணினி என்ற வழி உண்டு. புதுக் கணினிக்குள் பழைய விண்டோஸை ஒரு கோப்பாக அடைத்து ஓட்டுவது. பொறியாளர் புரோகிராமைத் திறந்து பார்க்கவும் திருத்தவும் இது மிக நல்ல ஏற்பாடு. ஆனால் யுஎஸ்பி வழியாக சீரியல் கேபிளை இணைக்கும்போது நேரக் கணக்கு சற்றுப் பிசகினாலும் சில பிஎல்சிகள் பதில் பேசாது. நேரில் சோதிக்காமல் நம்ப வேண்டாம்.

போகிக்குப் பழைய பாயை எரிப்பதுபோல் பழைய கணினியை ஒரே நாளில் தூக்கி எறிய முடியாது. ஆயுத பூஜை, பொங்கல் போன்று ஆலை ஓடாத நாளில் புதியதை இணைத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வால்வையும் திரையிலிருந்து திறந்து, கீழே ஒருவர் நின்று ‘திறந்தது’ என்று குரல் கொடுக்க வேண்டும். பழையது சில வாரமாவது பக்கத்திலேயே தயாராக இருக்கட்டும்.

ஈக்காட்டுத்தாங்கல் தொழிற்சாலையில் வரும் ஆயுத பூஜைக்குத்தான் விண்டோஸ் 11 கணினிக்கு மாறப் போகிறோம். ஸ்கேடாவின் புதிய பதிப்பு வாங்கியாகிவிட்டது. அந்தப் போர்மேன் ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய குறிப்பேட்டைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, புரோகிராம் பிரதிகளோடு சேர்த்து, ஒன்றை மாடி அலமாரியிலும் ஒன்றை முதலாளி வீட்டிலும் வைத்திருக்கிறோம். சோதனை நாளன்று தாமே வந்து தொட்டிக்குப் பக்கத்தில் நிற்பதாக அவர் சொல்லியிருக்கிறார்.

நன்றி, வணக்கம்.