கேமரா கடைக்குப் போகும் முன்: வ்லாக் கேட்பது ஒன்று, லைவ் கேட்பது வேறு

(திரையில்: கல்யாண மண்டபம். மேடை ஓரத்தில் முக்காலி மேல் ஒரு கேமரா.)

கும்பகோணம் பக்கத்தில் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். துபாயிலும் டொரான்டோவிலும் இருக்கும் சொந்தக்காரர்களுக்காக யூடியூபில் லைவ் போடும் பொறுப்பு என்னிடம் வந்தது. இஎம்ஐயில் புது மிரர்லெஸ் கேமரா வாங்கியவன் வீட்டில் இருக்கும்போது வேறு யாரிடம் போகும்? முகூர்த்தத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் டொரான்டோவிலிருந்து பெரியம்மா கமென்ட் போட்டார்: "தம்பி, பேட்டரி சிவப்பா காட்டுது, பாரு."

அவருக்கு எப்படித் தெரிந்தது? என் கேமராத் திரையில் இருந்த பேட்டரி படம், ஐஎஸ்ஓ எண், முகத்தைத் தேடி ஓடும் சதுரம் எல்லாம் அப்படியே லைவிலும் போய்க்கொண்டிருந்தன. மணப்பெண் நெற்றியில் நெற்றிச்சுட்டியோடு ஒரு பச்சைக் கட்டம். நான் மாற்று பேட்டரியைப் பையில் தேடிக்கொண்டிருந்தபோதே கேமரா அணைந்தது. தாலி கட்டியதை மாமாவின் பழைய போன் வழியாகத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

கேமரா மேல் தப்பில்லை. இன்றைக்கும் என் வ்லாக் எல்லாம் அதில்தான் எடுக்கிறேன். வ்லாக் என்பது இரண்டு நிமிடம், மூன்று நிமிடத் துண்டுகள், சொதப்பியதை வெட்டிவிடலாம். லைவில் கேமரா மூன்று மணி நேரம் அணையாமல் நிற்க வேண்டும், வெட்டவும் வழியில்லை. கடையில் கேட்க வேண்டிய கேள்விகளே வேறு.

(திரையில்: சட்டைக் காலரில் மாட்டிய மைக்.)

ஆனால் இரண்டுக்கும் பொதுவாக முதல் செலவு மைக்தான். திறந்த வெளியில் வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரட்டிப்பானால் குரல் 6 டெசிபல் குறையும். சுற்றியுள்ள இரைச்சல் மட்டும் குறையாது. வீட்டுக்குள் இன்னும் மோசம்: டைல்ஸ் தரை, வெறும் சுவர், எதிரொலி. அதனால் கேமராவிலேயே இருக்கும் மைக்கை நம்பாமல் காலர் மைக் ஒன்று வாங்குங்கள். பலர் தொடங்குவது போயா பிஒய்-எம்1 போன்ற ஒயர் மைக்கில். 6 மீட்டர் ஒயர், விலையும் கையைக் கடிக்காது. அதில் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். ஒரு பக்கம் போன், மறுபக்கம் கேமரா. அது மாறி இருந்தால் ஒலி சரியாக வராது. மைக் கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பியவர்களில் நானும் ஒருவன். ஒயர் வேண்டாமென்றால் ரோட், டிஜேஐ போன்ற நிறுவனங்களின் ஒயர்லெஸ் மைக் இருக்கிறது. காசு அதிகம், சார்ஜ் போடவும் மறக்கக்கூடாது.

கல்யாணத்தில் இன்னொரு சிக்கல், கெட்டிமேளம். ஒலி அளவைக் கேமராவே பார்த்துக்கொள்ளட்டும் என்று ஆட்டோவில் விட்டால், மேளம் முழங்கும்போது அது தானாகக் குறைத்துக்கொள்ளும். அடுத்துவரும் மந்திரம் கேட்கவே கேட்காது. மேனுவலில் வையுங்கள். கேமராத் திரையின் ஒலி அளவுகாட்டியில் பேச்சு -12 டெசிபலைத் தொடும்படி வைத்தால் (0தான் உச்சம், அதைத் தாண்டினால் ஒலி உடையும்) மேளத்துக்குக் கொஞ்சம் இடம் இருக்கும். அதற்கும் போதாவிட்டால் நாதஸ்வரக்காரர்கள் உட்கார்ந்ததும் இன்னும் இறக்குங்கள். உடைந்து பதிவான ஒலியைப் பிறகு எந்த மென்பொருளாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது.

(திரையில்: டியூப்லைட் வெளிச்சத்தில் பட்டை பட்டையாக ஓடும் படம்.)

இந்தப் பட்டைகள் ஏன் ஓடுகின்றன? நம் ஊரில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சாதா டியூப்லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 முறை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடி என்று வைத்தால் பட்டை மறையும். அமெரிக்காவிலிருந்து அத்தான் வாங்கி வந்த கேமரா என்றால் கூடுதல் கவனம் வேண்டும். அங்கே 60 ஹெர்ட்ஸ் என்பதால் கேமரா அந்த ஊர் வீடியோ முறையான என்டிஎஸ்சியில் (NTSC) இருக்கும். மெனுவில் நம் ஊர் முறையான பிஏஎல் (PAL) என்று மாற்றினால்தான் நொடிக்கு 25, 50 பிரேம் கிடைக்கும். பகலில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ரிங் லைட்டுக்குக் காசு போடும் முன் அதை ஒரு வாரம் செய்து பாருங்கள்.

சரி, இப்போது கேமரா.

(திரையில்: கையை நீட்டிப் பிடித்த கேமராவில் சட்டம் முழுக்க முகம்.)

கையை நீட்டிப் பேசும் வ்லாகுக்கு லென்ஸ் எவ்வளவு அகலம் என்பதுதான் முதல் கேள்வி. மில்லிமீட்டர் எண் சிறிதாக ஆக, படம் அகலமாகும். 2020இல் வந்த சோனி இசட்வி-1 கேமராவின் லென்ஸ் 24 மில்லிமீட்டரில் தொடங்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நடந்துகொண்டே பேச நடுக்கத்தைக் குறைக்கும் வசதியைப் போட்டதும் படத்தின் ஓரங்கள் வெட்டுப்படும், திரை முழுக்க மூக்குதான். 2023இல் வந்த இசட்வி-1 இரண்டாம் பதிப்பில் சோனி லென்ஸை 18 மில்லிமீட்டரில் தொடங்க வைத்தது. கேனான் எம்50இல் 4கே வைத்தால் படம் இன்னும் ஒன்றரை மடங்கு நெருங்கிவிடும். அட்டையில் போட்டிருக்கும் 4கே என்ற எழுத்தைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். கடையிலேயே கையை நீட்டி நாலு எட்டு நடந்து பாருங்கள். நடைதான் உங்கள் வ்லாக் என்றால், கை ஆட்டத்தைச் சமன்செய்யும் கிம்பல் உள்ளேயே இருக்கும் டிஜேஐ ஆஸ்மோ பாக்கெட் 3 போன்ற குட்டிக் கேமராக்கள் பெரிய கேமராவைவிட நன்றாக உழைக்கும். மெமரி கார்டில் எழுதும் வேகத்தைக் காட்டும் வி30 (V30) என்ற குறி இருந்தால் பெரும்பாலும் போதும்.

(திரையில்: கேமராவிலிருந்து லேப்டாப்புக்குப் போகும் கேபிள்.)

லைவுக்குக் கேட்க வேண்டியவை வேறு. கேமராவின் எச்டிஎம்ஐ கேபிள் வழியாக எழுத்தும் கட்டமும் இல்லாத வெறும் படம் வருமா? சில மாடல்களில் மெனுவில் ஒரு அமைப்பை மாற்றினால் வரும், சிலவற்றில் வரவே வராது. என் விஷயத்தில் அந்த அமைப்பு இருந்தது, நான்தான் பார்க்கவில்லை. ஓடும்போதே யுஎஸ்பியில் மின்சாரம் ஏறுமா? ஏறாது என்றால் டம்மி பேட்டரி வாங்குங்கள். பேட்டரி வடிவில் இருக்கும், ஒயர் நேரே பிளக்குக்குப் போகும். தானாக அணையும் வசதியை நிறுத்த முடியுமா? மண்டபத்துச் சூட்டில் எவ்வளவு நேரம் தாங்கும்?

பழைய கேமராக்கள் பல, பதிவை 29 நிமிடம் 59 நொடியில் நிறுத்திவிடும். அது சூட்டால் மட்டும் வந்ததில்லை. அரை மணி நேரத்துக்கு மேல் பதிவு செய்தால் ஐரோப்பிய ஒன்றியத்தில் அதை வீடியோ கேமரா என்று கணக்கிட்டுச் சுங்கவரி போட்டார்கள். அந்த வரிக்குப் பயந்து வைத்த வரம்பு நம் ஊர் முகூர்த்தம் வரை வந்து சேர்ந்தது.

அப்புறம் நெட். 5 எம்பிபிஎஸ் வேகத்தில் லைவ் போனால் ஒரு மணி நேரத்துக்கு இரண்டேகால் ஜிபி ஆகும். பார்க்க வேண்டியது அப்லோட் வேகத்தை. முந்தின நாள் காலி மண்டபத்தில் சோதித்துவிட்டுத் திருப்தியாகத் தூங்கப் போகாதீர்கள். மறுநாள் காலையில் ஐந்நூறு பேரும் ஐந்நூறு போனும் ஒரே டவரில் தொங்கும். வேறு வேறு நிறுவனத்தின் இரண்டு சிம் வையுங்கள். தடுமாறினால் படத் தெளிவை 1080பியிலிருந்து 720பிக்கு இறக்கிவிடுங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள். சேனலில் லைவை முதல்முறை இயக்கும்போது அனுமதி வர 24 மணி நேரம் வரை ஆகலாம். அன்று காலையில் ஆரம்பிக்காதீர்கள்.

(திரையில்: முக்காலியில் ஒரு போன், பக்கத்தில் சார்ஜர்.)

அடுத்த மாதம் அதே தங்கைக்கு வளைகாப்பு. இந்த முறை கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டு, போனின் பின்பக்கக் கேமரா, ஒயர் மைக், சார்ஜர், முக்காலி இவ்வளவுதான் கொண்டுபோகிறேன். அழைப்பு எதுவும் குறுக்கே வராதபடி தொந்தரவு வேண்டாம் என்ற அமைப்பைப் போட்டாயிற்று. முந்தின நாள் இரவு லிங்க் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி ஒரு சோதனை லைவ் போடுகிறேன். பெரியம்மாதான் பார்த்துச் சொல்லப்போகிறார்.