ரைஸா, ரெய்ஸா? லையா, லேயா?

அடுத்த கேள்வி. ‘ஆங்கிலத்தில் ரைஸ் (rise), ரெய்ஸ் (raise) இரண்டில் எது எங்கே வரும்? லை (lie), லே (lay) இரண்டும் எத்தனை தடவை படித்தாலும் குழம்புகிறதே’ என்று நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

பள்ளியில் தன்வினை, பிறவினை படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? பந்து உருண்டது, பந்தை உருட்டினான். அவன் திருந்தினான், அவனைத் திருத்தினார்கள். இதில் நாம் தடுமாறுவதே இல்லை. ரைஸ், ரெய்ஸும் அப்படித்தான். தானாக எழுவது ரைஸ். இன்னொன்றை உயர்த்துவது ரெய்ஸ்.

சந்தேகம் வந்தால் வினையைப் பார்த்து ‘எதை?’ என்று கேளுங்கள். ‘ஷி ரெய்ஸ்டு ஹர் ஹேண்ட்.’ எதை உயர்த்தினாள்? கையை. பதில் கிடைக்கிறது, அதனால் ரெய்ஸ். ‘தி சன் ரைசஸ் இன் தி ஈஸ்ட்.’ எதை? பதில் இல்லை, அதனால் ரைஸ். விலை ஏறியது என்றால் ‘தி பிரைஸ் ரோஸ்’ (ரைஸின் இறந்தகாலம் ரோஸ்). விலையை ஏற்றினார்கள் என்றால் ‘தே ரெய்ஸ்டு தி பிரைஸ்’.

லை, லேயும் இதே மாதிரி ஜோடிதான். லை என்றால் படுப்பது, கிடப்பது. லே என்றால் ஒன்றைக் கிடத்துவது, வைப்பது. கோழி முட்டையிடுவதும் லேதான், ‘முட்டையை’ என்று பதில் வருகிறதே!

அப்புறம் ஏன் இவ்வளவு குழப்பம்? லை என்பதன் இறந்தகாலம் லே. அங்கேதான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். ‘நேற்று கொஞ்ச நேரம் படுத்தேன்’ என்பதற்கு ‘ஐ லே டவுன் ஃபார் எ வைல் யெஸ்டர்டே’ என்பதுதான் சரி. பலர் ‘லெய்ட் டவுன்’ என்று சொல்லிவிடுகிறார்கள். லெய்ட் என்பது வைத்ததற்கு: ‘ஐ லெய்ட் தி புக் ஆன் தி டேபிள்.’ லை, லே, லெய்ன் (நிகழ்காலம், இறந்தகாலம், ‘ஹேவ்’ உடன் வரும் வடிவம்) ஒரு வரிசை. லே, லெய்ட், லெய்ட் இன்னொரு வரிசை. இதற்குக் குறுக்குவழி கிடையாது, வாய்விட்டுச் சொல்லி மனப்பாடம் செய்யுங்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களே இங்கே தவறுகிறார்கள், அதனால் நீங்கள் சோர்ந்துபோக வேண்டாம். பொய் சொல்வதற்கும் லைதான், ஆனால் அது வேறு வினை. அதன் இறந்தகாலம் லைடு.

ஃபால், ஃபெல் என்றும் ஒரு ஜோடி உண்டு. மரம் விழுந்தால் ‘தி ட்ரீ ஃபெல்’ (ஃபாலின் இறந்தகாலமும் ஃபெல்தான்), வெட்டி வீழ்த்தினால் ‘தே ஃபெல்டு தி ட்ரீ’. சிட் (உட்கார்வது), செட் (ஒன்றை வைப்பது) இரண்டும் இந்தக் குடும்பம்தான். ஆனால் ‘தி சன் செட்ஸ்’ (சூரியன் மறைகிறது) என்பதில் ‘எதை?’ என்று கேட்டால் பதில் வராது. அதை விதிவிலக்காகத் தனியே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.