படம் மட்டும் போதாது, பஸ் நேரத்தையும் போடுங்கள்

வணக்கம் நேயர்களே. ஊட்டிக்குப் போனவர்கள் மலையிலிருந்து இறங்குவதற்குள்ளேயே படங்களை முகநூலில் ஏற்றிவிடுகிறார்கள், எதற்கு இந்த விளம்பரம் என்று பலரும் சலித்துக்கொள்கிறார்கள். பெருமைக்குத்தான், அதை யார் மறுத்தார்கள்? அந்தக் காலத்தில் காசிக்குப் போய் வந்தவர்கள் கங்கைச் செம்பை வீடு வீடாகக் கொடுத்துவிட்டு, கூடவே பயணக் கதையையும் அரைமணி நேரம் சொல்லிவிட்டுத்தான் எழுந்தார்கள். இன்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். அதில் ஒரு வசதி, பிள்ளை பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று ஊரில் இருக்கும் அம்மாவுக்கும் தெரிந்துவிடுகிறது.

ஆனால் பெருமையோடு கதை முடிந்துவிடவில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7.10க்கு ஊட்டிக்குக் கிளம்பும் மலை ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 46 கிலோமீட்டர் தூரம், 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ரயில், இதெல்லாம் எந்தக் கையேட்டிலும் கிடைக்கும். எந்தப் பக்கம் உட்கார்ந்தால் பள்ளத்தாக்கு தெரியும், டிக்கெட்டுக்கு எவ்வளவு முன்னாடி அடித்துப்பிடிக்க வேண்டும், மழைக்காலத்தில் மண்சரிந்து ரயிலை நிறுத்திவிட்டால் குன்னூருக்கு எந்தப் பஸ்ஸில் ஏறுவது, இதையெல்லாம் போய் வந்தவர்தானே சொல்ல முடியும்? 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னபோது எத்தனை குழப்பம்! அரசுப் பஸ்ஸில் போகிறவருக்கும் வேண்டுமா, சோதனைச் சாவடியில் என்ன கேட்கிறார்கள் என்று நம் ஆட்கள் தேடியது, முந்தின நாள் போய் வந்த முகம் தெரியாத யாரோ ஒருவர் எழுதிப்போட்ட நாலு வரியைத்தான். அப்படி இன்னொருவர் தயவில் போய் வந்தவர், தன் பங்குக்கும் எழுதிவைக்கலாம் என்று நினைக்கிறார். என் கணிப்பில் பாதிப் பேர் எழுதுவது இதற்காகத்தான்.

அப்புறம் காசுக்காக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ரிசார்ட்டில் ஓசி அறை வாங்கிக்கொண்டு சொர்க்கம் என்று எழுதுவார்கள். பணமோ பொருளோ வாங்கியிருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய அரசு 2023லேயே வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. சரி, எத்தனை பேர் சொல்கிறார்கள்?

எனக்கு உள்ள குறை வேறு. ஊட்டி தொட்டபெட்டா சிகரத்தில் ஆளே இல்லாத மாதிரி ஒரு படம் வரும், அந்த ஓரத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் எத்தனை பேரை இடித்துத் தள்ளினார்கள் என்பது வராது. சீசனில் மலைப்பாதையில் வண்டி நகராமல் நின்றது, கழிப்பறைக்கு அலைந்தது, சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டது, இதையும் எழுதினால்தானே பின்னால் குழந்தைகளோடு வருகிறவருக்கு உதவும்?

ஒரு வகைப் பதிவை மட்டும் நான் யாருக்கும் அனுப்புவதில்லை. சாலையோரம் யானை நின்றால் வண்டியை நிறுத்தி இறங்கிப்போய் எடுத்த செல்ஃபி. வனத்துறை அபராதம் போட்ட ரசீதைப் படம் எடுத்துப் போடட்டும், அதைத் தாராளமாகப் பகிர்கிறேன்.