கெய்ரோ பரணும் நம்ம ஊரு பழைய பேப்பரும்

(வாசகர் வட்ட ஆண்டு விழாவுல பேசினது. எழுதிக் குடுன்னு கேட்டாங்க, பேசின மாதிரியே குடுத்துட்டேன்.)

மேடையில இருக்குற தலைவர் ஐயா அவர்களே, லீவு போட்டு வந்திருக்குற நூலகர் அம்மா அவர்களே, வாடகை வாங்காம மண்டபத்தை தந்த ஓனர் அண்ணன் அவர்களே (அண்ணன் மைக் செட்டுக்கும் காசு வாங்கல, ஒரு கைதட்டு குடுங்க), முன்வரிசையில உக்காந்திருக்குற என் தமிழ் டீச்சர் அவர்களே, டீச்சர் எதிர்ல பேசணும்னா இப்பவும் கை நடுங்குது, எல்லாருக்கும் வணக்கம். பொன்னாடை வேணாம், அந்தக் காசுக்கு புக்கு வாங்கிக் குடுங்கன்னு படிச்சு படிச்சு சொன்னேன், கேக்காம போத்திட்டீங்க, சரி, சந்தோஷம்.

நான் எபிரேயம், அதான் யூதர்களோட பழைய மொழி, படிக்கிறவன். அத படிச்சா என்ன வேலை கெடைக்கும்னு கேக்காதீங்க, அத வீட்லயே கேட்டாச்சு. இன்னைக்கு மூணு விஷயம் குறிச்சிட்டு வந்திருக்கேன். ஒண்ணு, யூதர்கள் எழுதின தாளை என்ன பண்ணுவாங்க. ரெண்டு, சபாத்ங்கிற சனிக்கிழமை ஓய்வு நாள். மூணு, இப்ப நியூஸ்ல ஓடிக்கிட்டிருக்குற சமாச்சாரம். எங்க அப்பத்தாவுக்கு ஒரு பழமொழிதான் எல்லாத்துக்கும், சிறு துரும்பும் பல் குத்த உதவும். நானும் அத விடப்போறதில்ல.

யூத வழக்கத்துல கடவுள் பேரு எழுதின தாளை எரிக்கக் கூடாது, குப்பையில போடக் கூடாது. தோராங்கிற அவங்க வேதச் சுருள் நைஞ்சு போச்சுன்னா மனுஷனை அடக்கம் பண்ற மாதிரி கல்லறைத் தோட்டத்துல புதைப்பாங்க. அதுவரைக்கும் போட்டு வைக்கிற எடம்தான் கெனிசா. பழைய கெய்ரோவுல பென் எஸ்ரா ஜெபக்கூடத்துல அது பொம்பளைங்க உக்கார்ற மாடிப் பக்கம் இருந்துச்சு. சுவத்துக்கு மேல ஒரு ஓட்டை, ஏணி போட்டு ஏறித்தான் உள்ள தள்ளணும். அந்த ஊர்ல என்னாச்சுன்னா, தள்ளினது தள்ளினதுதான், பெரும்பாலும் எடுத்துப் புதைக்கவே இல்ல, ஏறக்குறைய ஆயிரம் வருஷம் சேந்துபோச்சு. சாமி பேரு இருக்கா இல்லையான்னு யாரு பாத்தா, எபிரேய எழுத்துன்னாலே உள்ள போடு. எகிப்துல மழை கம்மிங்கிறதால மக்கவும் இல்ல.

இப்ப ஒரு கதை, நேரமானாலும் சொல்லியே தீருவேன். ஆக்னஸ் லூயிஸ், மார்கரெட் கிப்சன்னு ரெட்டைப் பிறவி அக்கா தங்கச்சி, ஸ்காட்லாந்துக்காரங்க. அப்பா விட்டுட்டுப் போன சொத்து ஏராளம், கல்யாணமாகி கொஞ்ச வருஷத்துலயே ரெண்டு பேருக்கும் புருஷன் தவறிட்டாங்க. நம்ம ஊரா இருந்தா மூலையில உக்கார வெச்சிருப்போம் (டீச்சர் சிரிக்கிறாங்க). இவங்க அரபி, சிரியாக், எபிரேயம்னு கத்துக்கிட்டு, ஒட்டகத்துல சினாய் மலைக்குப் போயி, 1892ல பழைய சுவிசேஷ ஏடு ஒண்ணையே வெளிய கொண்டாந்தாங்க. குடியிருந்தது கேம்பிரிட்ஜ்ல. அந்த யுனிவர்சிட்டி பொம்பளைங்களுக்கு முழு டிகிரி குடுத்ததே 1948லதான், கணக்குப் போட்டுக்கோங்க.

1896ல கிழக்குப் பக்கம் போனவங்க பழைய தாள் ஒரு கட்டு விலைக்கு வாங்கிட்டு வந்தாங்க. தெருவுல சாலமன் ஷெக்டரைப் பாத்து, வந்து என்னன்னு பாருங்கன்னு ஆக்னஸ் சொல்ல, அவரும் போனாரு. ருமேனியாவுல பொறந்த யூத அறிஞர், அங்கயே பாடம் நடத்துறவரு. அழுக்குத் தாள் ஒண்ண எடுத்துப் பாத்தாரு, இத வீட்டுக்கு கொண்டு போகட்டுமான்னு கேட்டாரு, போயிட்டாரு. அன்னைக்கே தந்தி வருது. ஒரே ஊருக்குள்ள தந்தி! கூடவே ஒரு லெட்டர், நாளைக்கு நாம பேசுற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதீங்கன்னு. அந்தத் தாளு பென் சீராங்கிற பழைய நூலோட எபிரேய மூலம், பல நூறு வருஷமா காணாமப் போனது. கிரேக்கத்துலயும் சிரியாக்லயும்தான் முழுசா இருந்துச்சு. இப்ப சொல்லுங்க, துரும்பு பல் குத்த உதவுமா உதவாதா?

ஷெக்டர் அந்த வருஷக் கடைசியிலயே கெய்ரோ போயி, அங்க இருந்த தலைமை ரப்பி, அதாவது யூத மத குரு, அவரோட காபி குடிச்சு, சிகரெட் பிடிச்சு, சிநேகமாகி, தூசியில மூச்சுத் திணறத் திணற அள்ளிட்டு வந்தது 1,90,000 துண்டுக்கு மேல. உள்ள என்ன இருந்துச்சு தெரியுமா? கல்யாண ஒப்பந்தம், கடன் சீட்டு, சின்னப் பிள்ளை எழுத்துப் பழகின தாளு, மங்களூர்ல வெண்கலப் பட்டறை வெச்சிருந்த ஆபிரகாம் பென் யிஜுவோட 12ஆம் நூற்றாண்டு மிளகு, பாக்குக் கணக்கு. மைமோனிடிஸ்னு பெரிய தத்துவ ஞானி, அவரோட தம்பி தாவீது செங்கடல் கரையில இருந்து எழுதின லெட்டர், இந்தியாவுக்குக் கப்பல் ஏறப்போறேன்னு. கப்பல் முங்கிருச்சு. அண்ணன்காரர் ஒரு வருஷம் படுத்த படுக்கை. அந்த லெட்டர் இன்னைக்கும் இருக்கு. சாமி புஸ்தகத்தைக் காப்பாத்தணும்னு வெச்ச வழக்கம் மளிகைக் கணக்கையும் சேத்துக் காப்பாத்திருச்சு பாருங்க, அதான் எனக்கு ஆச்சரியம்.

சபாத் பத்தி சொல்றேன்னேன், வெள்ளிக்கிழமை சூரியன் அடையுறப்ப ஆரம்பிச்சுடும், எழுதுறதுகூட அன்னைக்கு கூடாது. அது தனிக் கூட்டத்துக்கான விஷயம்.

நியூஸுக்கு வருவோம். இந்த டாபிக்கைத் தொட்டா ரெண்டு பக்கமும் அடி விழும், தெரியும். 2023 அக்டோபர் 7ல இஸ்ரேல்ல ஹமாஸ்காரங்க வீட்டுக்குள்ள பூந்து சாதாரண ஜனங்களைக் கொன்னது கொலைதான். அதுக்கப்புறம் காசாவுல கொத்துக் கொத்தா செத்த பிள்ளைங்களுக்கும் யாரும் சமாதானம் சொல்ல முடியாது. அங்க முனிசிபல் லைப்ரரியும் நொறுங்கிடுச்சு. 1933ல பெர்லின்ல யூதர் எழுதின புக்கை நாஜிங்க நடுத்தெருவுல கொளுத்தினாங்க. 1981ல யாழ்ப்பாண நூலகம் எரிஞ்சது உங்களுக்கு நான் சொல்லித்தரணுமா... தலைவர் வாட்சைப் பாக்குறாரு, விட்டுடறேன்.

நான் வந்ததே வேற விஷயத்துக்கு. நம்ம ஊர்ல எரிக்க ஆளே வேணாம், நாமளே எடைக்குப் போட்டுடறோம். போன பொங்கலுக்கு எங்க தெருவுல ஒரு வீட்டைக் காலி பண்ணாங்க, தாத்தா காலத்து கமிஷன் மண்டி கணக்கு நோட்டு, பர்மாவுல இருந்து வந்த லெட்டர், எல்லாம் தராசுல. கேட்டா, "வெறும் துரும்புப்பா"ங்கறாங்க. துரும்புன்னாதான எங்க அப்பத்தா சும்மா விடாது!

அதனால கிளை நூலகத்துல பின்பக்கம் பூட்டிக் கெடக்குற ரூமை ஊர்க் காகிதத்துக்குன்னு ஒதுக்கித் தரணும், மனு ரெடி, வாசல் மேஜையில இருக்கு. நூலகர் அம்மா தலையாட்டிட்டாங்க, மேல இருக்குறவங்க கையெழுத்துதான் பாக்கி. சாப்பிடப் போறதுக்கு முன்னாடி எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க, போன் நம்பரும் எழுதுங்க. வீட்ல நோட்டு, லெட்டர் இருந்தா ஞாயித்துக்கிழமை கொண்டாங்க, கரையான் அரிச்சதுன்னாலும் பரவாயில்ல, பிளாஸ்டிக் கவர்ல மட்டும் போட்டுடாதீங்க, வேர்த்துப் போயிடும். பட்டிமன்றக்காரங்க காத்திருக்காங்க, மைக்கைக் குடுத்துடறேன். வணக்கம்.