பாறை மா கரைந்த ஏரி

அன்பான நேயர்களே, வணக்கம்.

மாரி காலத்தில் வயல் மண்ணைச் சுமந்து வரும் வெள்ளத்தால் நமது மட்டக்களப்பு வாவி கலங்குவதைக் கல்லடிப் பாலத்தில் நின்று பார்த்து வளர்ந்தவள் நான். கலங்கல் என்றால் அழுக்கு என்றே நினைத்திருந்தேன். கனடாவில் மகளிடம் போயிருந்த ஒரு கோடையில் அந்த நினைப்பு போய்விட்டது.

ரொக்கி மலைகளில், யோஹோ தேசியப் பூங்காவுக்குள், நுவரெலியாவை விட உயரத்தில் இருக்கிறது ஓஹாரா ஏரி. அதற்குப் போகும் 11 கிலோமீற்றர் பாதையில் சொந்த வாகனத்துக்கு இடமில்லை, சைக்கிளுக்கும் இல்லை. நடக்கலாம், அல்லது குலுக்கலில் பெயர் விழுந்தால் பஸ்ஸில் போகலாம். எங்களுக்கு விழுந்தது. இத்தனை பேர்தான் வரலாம் என்ற அந்தக் கண்டிப்பு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அது இல்லாவிட்டால் அந்தக் கரை மிதிபட்டே அழிந்திருக்கும்.

மயில்கழுத்து நிறம் என்று சேலைக்குச் சொல்வோமே, அதில் சற்றுப் பால் விட்டது போல் இருந்தது தண்ணீர். மலை மேலிருக்கும் பனியாறு, அதாவது இறுகிய பெரும் பனிக்கட்டித் திரள், அசையாதது போலத் தெரிந்தாலும் மெல்ல நகர்கிறது. அதன் அடியில் சிக்கிய கற்கள், அம்மியில் குழவி போல, பாறையை அரைக்கின்றன. கோடையில் பனி உருகும்போது அந்த மா ஏரிக்கு வருகிறது. பருமனானது அடியில் படிந்துவிடும். அரிப்பில் அரித்த அரிசி மாவை விட நுண்ணியது நீரில் மிதந்து, வெயிலின் நீலத்தையும் பச்சையையும் சிதறவிடுகிறது. ஆக, அந்த அழகும் கலங்கல்தான்!

அங்கிருந்து மூன்று கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட ஏறினால் ஓயேசா ஏரி. அப்பகுதியின் பூர்வகுடிகளான ஸ்டோனி மக்களின் மொழியில் அந்தப் பெயருக்குப் பனிக்கட்டி என்று பொருள். யூலையிலும் கரையோரம் பனிக்கட்டி மிதந்தது. வழியில் பெரும் பாறைகளைப் படியாக அடுக்கியவர் லாரன்ஸ் கிராசி. இத்தாலியில் பிறந்து, கனடாவில் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர். மூட்டு வலிக்காரியான நான் ஒவ்வொரு படியிலும் அவரை நன்றியோடு நினைத்தேன்.

அந்த மலைகளின் பனியாறுகள் சுருங்கி வருகின்றன. அரைக்கும் பனி இல்லாமல் போனால் மா வராது. ஏரி இருக்கும், ஆனால் அந்தப் பால் கலந்த நிறம் இராது.

திரும்பும்போது ஓஹாரா ஏரியில் ஒரு கை தண்ணீர் அள்ளினேன். விரல்கள் விறைத்துப் போயின. உள்ளங்கையில் நிறமே இல்லை, என் ரேகைகள்தான் தெரிந்தன.